தூள் கடையில் ஒரு மருந்துப் பெட்டி

லண்டனில், ஈஸ்ட் ஹாமில் செல்வமலர் வறுத்து அரைக்கும் கறித்தூளுக்கு நல்ல பெயர். ஆனால் எங்கள் தமிழ் ஆட்கள் யார் அதைக் கறித்தூள் என்கிறார்கள்? வெறும் தூள்தான். பெயர்ப்பலகையிலும் 'மலர் தூள் கடை'. பிரான்சிலிருந்து வந்து, பத்து வருடமாகத் தூளாலும் வாயாலும் நடத்திய கடை அது. வாயென்றால் லேசுப்பட்ட வாயில்லை. வாழைக்காயை அமுக்கிப் பார்த்ததற்காக ஒரு பொலிஸ்காரரே ஏச்சு வாங்கியிருக்கிறார்.

அந்த வாயை அடைத்தவள் பெர்னடெற். ஜமேக்கக் குடும்பத்துப் பெண். ஆட்டிறைச்சிக்குத் தூள் வாங்க வருவாள். போதை பாவிக்கிறவர்களைச் சாகாமல் காப்பது அவளுடைய வேலை. திருந்துவது பிறகு, முதலில் மூச்சு இருக்கட்டும் என்பாள். அவளுடைய தம்பி போதை கூடி பஸ் தரிப்பிடத்தில் விழுந்து கிடந்தபோது சனம் விலகி நடந்தது. கறுப்பன் என்றதும் யாரோ பொலிசைத்தான் கூப்பிட்டார்கள். அம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை. அதிலிருந்து தேவாலயம், முடிவெட்டும் கடை என்று தன் சனம் போகும் இடமெல்லாம் ஒரு பெட்டி மாட்டுகிறாள். அதில் மூக்கில் அடிக்கும் மருந்து இருக்கும். ஹெரோயின் அளவு கூடி மூச்சு அடங்கும் ஆளை அது எழுப்பிவிடும்.

"இஞ்சயும் மாட்டுங்கோ," என்றாள் செல்வமலர். "ஆனா எங்கட ஆக்களிட்ட இந்தப் பழக்கம் இல்லை."

"எங்கள் தேவாலயத்திலும் அப்படித்தான் சொன்னார்கள்," என்றாள் பெர்னடெற். "தமிழிலும் ஒரு அறிவித்தல் எழுதுங்கள். ஏச மாட்டோம் என்று கட்டாயம் போடுங்கள்."

ஹெரோயினுக்கும் எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் தூள்தான். செல்வமலர் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'தூளால் மயங்கி விழுந்தால் பயப்பட வேண்டாம். இங்கே உடனடி மருந்து உண்டு. ஏச மாட்டோம்.' பெயர்ப்பலகைக்கு நேர் கீழே ஒட்டினாள்.

சனிக்கிழமை கடையில் ஈ காக்கா இல்லை. ஒருவர் வாங்கிய இரண்டு கிலோவையும் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். கதை குட்மேய்ஸ் போய்ச் சேர்ந்தபோது அதில் ஆறு பேர் ஆஸ்பத்திரியில். வால்தம்ஸ்டோ போனபோது ஒருவர் செத்தே போனார்.

கணவர் சண்முகராசா அறிவித்தலைக் கழற்ற ஏணியில் ஏறினார். "அறிவித்தலும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம்."

"எழுதினதை மாத்துறன். பெட்டி இருக்கட்டும்."

"பெட்டி இருந்தாக் கதையும் இருக்கும்."

விஷயம் அறிந்து பெர்னடெற் வந்திருந்தாள். ஏற்கனவே நான்கு கடைகள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருந்தன. ஐந்தாவதையும் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். செல்வமலருக்கு வெட்கமாகிவிட்டது. சண்முகராசாவுக்குப் பெண்டாட்டியாக இருப்பதற்கே வெட்கமாக இருந்தது.

அப்போது கோயிலில் சமையலுக்குப் பொறுப்பான கலாவதி உள்ளே வந்தாள். செல்வமலர் முந்திக்கொண்டாள். "அக்கா, தூளில ஒரு பிழையும் இல்லை. நான் எழுதினதுதான்..."

"தெரியும்." கலாவதி குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு வாசிச்ச உடன விளங்கினது. அந்த மருந்து வீட்டில வச்சிருக்க ஒண்டு தருவினமோ?"

கலாவதியின் வீட்டில் அவளும் மகனும் மட்டும்தான். செல்வமலர் அவள் கேட்டதைப் பெர்னடெற்றுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். பெர்னடெற் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்தாள். கலாவதியின் கையைப் பிடித்து, எப்படி அடிப்பது என்று மூக்கருகே காட்டினாள். பெயர்கூடக் கேட்கவில்லை.

ஏணியிலிருந்து சண்முகராசாவின் குரல் கேட்டது.

"மலர், அந்த டேப்பை எடுத்துத் தாரும். ஒரு மூலை கழண்டு போச்சு."