மூக்காயி தொட்ட சேனை

குன்றாண்டார்கோவிலுக்குத் தெற்கே இரண்டு மைல் தள்ளியிருந்த அந்தக் கிராமத்தில், நாற்பது ஆண்டுகளாகப் பிறந்த குழந்தைகளெல்லாம் மருத்துவச்சி மூக்காயியின் கையில்தான் விழுந்தன. வேதக்காரர் எனப்படும் கிறிஸ்தவர் வீடோ, மற்றவர் வீடோ, அவளுக்கு எல்லாம் ஒன்று. குழந்தை வீறிட்டு அழுததும் கருப்பட்டித் தண்ணீரை விரல் நுனியில் தொட்டு அதன் நாக்கில் வைப்பாள். அதற்குச் சேனை என்று பெயர். சேனை தொட்டவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அந்த ஊரில் வாயாடிகளும் பிடிவாதக்காரர்களும் ஏன் இத்தனை பேர் என்று வெளியூர்க்காரர்கள் வியப்பதுண்டு. உள்ளூர்க்காரர்கள் வியப்பதில்லை.

மூக்காயி அய்யனாரைக் கும்பிடுகிறவள். ஆனாலும் கிறிஸ்துமஸ் அன்று காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, சிரட்டையில் கருப்பட்டித் தண்ணீரோடு மாதா கோவிலுக்கு வந்துவிடுவாள். குடிலில் வைக்கோல்மேல் படுத்திருக்கும் சேசு பாலனின் உதட்டில் ஒரு சொட்டு வைப்பாள். ஊரில் பிறந்த பிள்ளைகளில் ஒன்றை மட்டும் விட்டுவிடலாமா என்பது அவள் கட்சி. அவள் போன பிறகு எறும்புகள் வரும். ஆண்டுதோறும் துடைத்துத் துடைத்து, பழைய மண் பாலனுக்கு உதடே இல்லாமல் போய்விட்டது.

1941ஆம் ஆண்டு திருச்சியிலிருந்து புதுப் பாலன் வந்தான். ரோஜா நிறக் கன்னம், கண்ணாடிக் கண்கள். கோவிலில் வேதபாடம் நடத்தும் உபதேசியார் செபமாலை அவனை மாட்டுவண்டியில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தார். பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் அப்படித் தூக்கியதில்லை என்று அவர் மனைவியே சொன்னாள்.

கிறிஸ்துமஸ் காலையில் அவர் குடிலை மறித்துக்கொண்டு நின்றார்.

“ஆத்தா, அங்கிட்டே நில்லுங்க. இந்த வருசம் சேனை கீனை கிடையாது.”

மூக்காயி சிரட்டையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். “ஏன்ப்பா?”

“இவரு சர்வேசுரனோட குமாரன். ஒங்க கொணம் அவருக்கு எதுக்கு?”

“என் கொணத்துக்கு என்ன கொறச்சல்? ஒனக்கும் நான்தானே தொட்டு வச்சேன்?”

“அதைத்தான் ஆத்தா நானும் சொல்றேன். என் பொஞ்சாதியக் கேட்டுப் பாருங்க.”

எதிர்க் கடையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. தையற்காரர் பழனிச்சாமி சுயமரியாதைக்காரர். எந்தச் சாமிக்குப் பண்டிகை வந்தாலும் அன்றைக்கென்று மெஷினை வேகமாக ஓட்டுவார். எந்தக் கோவிலுக்குள்ளும் கால் வைப்பதில்லை என்று சபதம் வேறு. ஆகவே, வாசற்படியில் நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“ஒரு பொம்மைக்கா ரெண்டு பேரும் மல்லுக்கு நிக்கிறீக? வாய் தொறக்காத பொம்மைக்குச் சேனை எதுக்கு ஆத்தா?”

“நீ பேசாதே. விடிஞ்சதும் விடியாததுமா செபமாலை வீட்டு முறுக்கு எத்தனை தின்னே?”

“முறுக்கு கண்ணுக்குத் தெரியுதே ஆத்தா.”

அடுத்து மூக்காயியின் வாய் திறக்கும், ஊரே கேட்கும் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவளோ தரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ தாய்மாரின் கண்ணீரைத் துடைத்த அந்த முந்தானை அவளுடைய கண்களுக்கே போயிற்று.

“எனக்கும் ஒண்ணு பொறந்துச்சுப்பா. இதே மார்கழி. வீட்டுல ஒருத்தருமில்லே. நானே பெத்து, நானே கொடியறுத்தேன். பெத்தவ சேனை தொடக் கூடாதும்பாக. வேற ஆளு வரட்டும்னு பாத்துக்கிட்டே கெடந்தேன். பிள்ளை நாக்கு வறண்டே போய்ச் சேந்துருச்சு.”

செபமாலை குடிலைத் திரும்பிப் பார்த்தார்.

“இந்தப் பிள்ளையும் ஆளில்லாத மாட்டுக்கொட்டில்ல பொறந்துச்சுன்னு வருசா வருசம் நீதானே படிக்கிறே? சாமியாவே இருக்கட்டும். மெய்யான மனுசனும்தான்னு வேப்பமரத்தடியில பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறதும் நீதானே? மனுசப் பிள்ளைன்னா நாக்கு இருக்கும்ல?”

அந்தப் பாடத்தை ஒப்பிக்காத பிள்ளைகளை உபதேசியார் முட்டி போட வைத்திருக்கிறார். இப்போது அவரே மாட்டிக்கொண்டார். கடைசியாக மெல்லச் சொன்னார்:

“எறும்பு வருமே ஆத்தா. சாயம் போயிட்டா ஊருக்கு நான்தானே பதில் சொல்லணும்?”

“எறும்பை நான் பாத்துக்கிறேன். நீ நகரு” என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. பழனிச்சாமி குடிலுக்கு அருகில் வந்திருந்தார். படியை எப்போது தாண்டினார் என்பது அவருக்கே தெரியாது.

செபமாலை நகர்ந்தார். மூக்காயி கருப்பட்டித் தண்ணீரை விரலால் தொட்டுப் பாலனின் உதட்டில் வைத்தாள்.

உச்சிவேளையில் குடிலைப் பார்க்க வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். மினுங்கும் உதட்டோடு பாலன் படுத்திருந்தான். அவனருகே ஈரத் துணியோடு பழனிச்சாமி குந்தியிருந்தார்.

“என்ன தையக்காரரே, ஞானஸ்நானம் எப்ப?” என்றார் கோவில் மணியடிக்கும் இன்னாசி.

“போய்யா! நான் எறும்பு பாக்கிறேன்.”

சொல்லிவிட்டுப் பாலனின் வாயோரத்தை ஒற்றி எடுத்தார். வாசற்படியில் காலை நீட்டி முறுக்குக் கடித்துக்கொண்டிருந்த மூக்காயி அங்கிருந்தே அதட்டினாள்:

“அழுத்தாதேப்பா! பச்சப்பிள்ளை.”