தேவராசாவின் வான் சீற்

கனடாவில் இருக்கும் என் தங்கையின் மகன் போன கிழமை ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். பழைய பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கிறான். அதன் முன்னிருக்கையான நீட்டுச் சீற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுக் கார் ஒன்றின் சீற்றுகளைப் பூட்டுகிறானாம். கை முழுக்க கிரீஸ், வாய் முழுக்கச் சிரிப்பு. கடைசியில் கமராவைப் பார்த்து, "மாமா, நீங்களும் திருகோணமலையில இப்பிடிச் செய்யப்போய், சென்றியில பெரிய மாமா மல்லாக்க விழுந்தவராமே! அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறவ. அந்தக் கதையைச் சொல்லுங்கோவன்" என்றான்.

பிள்ளையில் பிழையில்லை. எங்கள் குடும்பத்தில் அந்தக் கதை அண்ணன் மல்லாக்க விழுந்த இடத்தோடு முடிந்துவிடும். கலியாண வீடுகளில், பிறந்தநாள்களில், செத்த வீட்டின் எட்டுச் செலவில்கூட அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததை ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. எனக்கு ஆத்திரம் வருவது அதில்தான். பாதிக் கதையைத் துடைத்துவிட்டு மீதியைப் பிள்ளைகளுக்கு இனிப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு முழுவதையும் சொல்கிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரியுங்கள், நானும் சிரிப்பேன்.

யுத்த காலம். பெரியண்ணனுக்கு உள்துறைமுக வீதியில் ஒரு ஐஸ் வாடி, ஐஸ் விற்கும் கொட்டில், இருந்தது. அங்கிருந்து கரையோர மீன் வாடிகளுக்கு ஐஸ் ஏற்றுவதற்கு ஒரு மொரிஸ் பிக்கப். அதன் சாரதி நான். பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஏ.எல். சோதனை என்னைக் கைவிட்டிருந்தது, நானும் அதைக் கைவிட்டிருந்தேன். தலையை ஒரு பக்கமாகச் சீவிக்கொண்டு, முழங்கையை யன்னலுக்கு வெளியே வைத்து ஓட்டுவேன். யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஐஸ் கட்டிகளை மரத்தூளில் புதைத்து ஏற்றுவோம். நனைந்த மரத்தூளின் மணம் இன்றைக்கும் எங்காவது வந்தால் என் வலது தொடை தானாகக் கூசும். காரணம், அந்தப் பிக்கப்பின் சீற். ஐஸ் தண்ணீரும் உப்புக் காற்றும் சேர்ந்து அதைத் தின்றுவிட்டிருந்தன. ஸ்பிரிங் ஒன்று வெளியே வந்து சரியாக என் தொடைக்குக் கீழே நின்றது. சாக்கு மடித்துப் போட்டால் சாக்கைக் கிழிக்கும். என் காற்சட்டைகள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஓட்டை.

கடைசியில் அண்ணன் மனமிரங்கினார். கண்டி வீதியில் பழைய இரும்புக் கடை ஒன்றிலிருந்து டொல்பின் வானின் முன்சீற்றுகள் இரண்டைக் கொண்டுவந்தார். மேலே மலிவான பச்சை உறை போட்டிருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளலாம், சாய்க்கலாம். அன்றைக்கு முழுக்க அதை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

வான் சீற்றுக்குக் கால் உயரம். அப்படியே வைத்தால் தலை கூரையில் இடித்தது. வெல்டிங் கடையில் காலை வெட்டி, இரும்புச் சட்டம் வைத்து ஒட்டினார்கள். மறுநாள் அண்ணன் தானே ஓட்டுவதாகச் சொன்னார். புதுச் சீற்றின் சுகத்தை முதலில் தம்பி அனுபவிக்கக் கூடாதென்று நினைத்திருக்க வேண்டும். நான் பக்கத்தில். கடற்படை வீதியில் மறித்துச் சோதிக்கும் சென்றி வந்தது. அண்ணன் பிறேக்கை அழுத்தினார். சாய்வைப் பிடித்திருந்த கொளுக்கி கழன்றது. சீற்றோடு அண்ணன் அப்படியே பின்னால் போனார்.

வெளியே நின்ற சிப்பாய்க்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஒரு பிக்கப் வருகிறது. சாரதியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பாதங்கள். அவன் துவக்கைத் தூக்கினான். அண்ணன் படுத்தபடியே, "ஐசி இருக்கு! ஐசி இருக்கு!" என்று அடையாள அட்டையைச் சொல்லிக் கத்தினார். சிப்பாய் எட்டிப் பார்த்தான். பிறகு சிரித்தான், மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அவர்கள் சிரித்தால் நாங்களும் சிரிக்க வேண்டிய காலம் அது.

எங்கள் வீட்டுக் கதை இதோடு சரி.

அன்றைக்கே அண்ணன் பிக்கப்பை மறுபடியும் வெல்டிங் கடைக்கு விட்டு, சீற் சாயாதபடி இரும்பை ஒட்டச் சொன்னார். நெருப்புப் பொறி பட்டுச் சாரதி சீற்றின் பச்சை உறை கருகிப் போனது. "யோகத்திட்டக் குடுத்துப் புது உறை தைப்பிச்சுக்கொண்டு வா" என்றார்.

யோகம் அக்கா கடற்கரையை ஒட்டிய அலஸ்தோட்டத்தில் இருந்தார். வாகனங்களுக்குக் கன்வஸ் கூடாரம், மெத்தை உறை எல்லாம் தைப்பார். அவருடைய புருசன் தேவராசா வாடகை வான் வைத்திருந்தவர். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் காலை, கண்டி வீதிப் பக்கம் ஹயர் ஒன்று இருக்கிறதென்று போனவர் திரும்பி வரவில்லை. வானும் வரவில்லை. யோகம் அக்கா பொலிசுக்குப் போனார், முகாம்களுக்குப் போனார். எல்லா இடத்திலும் ஒரே மறுமொழி: அப்படி ஒரு வான் இந்தப் பக்கம் வரவேயில்லை. ஒரு அதிகாரி, வானையும் விற்றுக்கொண்டு உன் புருசன் வேறு பெண்ணோடு போயிருப்பான் என்றும் சொல்லியிருந்தார். ஊரில் சிலர் அதை நம்பவும் தொடங்கியிருந்தார்கள். நம்புவது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

சீற்றைக் கொண்டுபோய் அவருடைய தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் பிளேடால் பச்சை உறையைக் கிழித்து உரித்தார். அடியில் மண்ணிற ரெக்சின் இருந்தது. அதில் ஒரு கிழிசல், உட்பக்கமாக நீலத் துணி வைத்துத் தைத்திருந்தது. தைத்த நூல் தங்கூசி, தூண்டிலுக்குப் போடும் நைலோன் நூல்.

யோகம் அக்காவின் கை நின்றது. அந்தத் தையலை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இதை எங்க வாங்கினனீங்கள்?"

"அண்ணைதான் வாங்கினவர். கண்டி ரோட்டு இரும்புக் கடையில. ஏன் அக்கா?"

"இது என்ர கை. என்ர மகள் சின்னவள் கவராயத்தால குத்திக் கிழிச்சவள். அவளின்ர பழைய பள்ளிக்கூடப் பையை வெட்டி வைச்சுத் தைச்சனான். நூல் அறுந்து அறுந்து போகுதெண்டு இவர்தான் தங்கூசி கொண்டுவந்து தந்தவர்."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"வான் இந்தப் பக்கம் வரவே இல்லையெண்டு சொன்னவங்கள், தம்பி. அப்ப இது நடந்து வந்ததோ?"

நான் வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். அவருடைய முகத்தில் ஒரு கணம் இரக்கம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த கணம் அது போய்விட்டது.

"ரெண்டு சீற்றையும் இப்பவே உடைச்சுக் கடல்ல போடு."

"அது அந்த மனுசியின்ர..."

"எனக்கு ரெண்டு பொம்பிளப் பிள்ளையள் இருக்குதுகள். சீற் எங்கயிருந்து வந்ததெண்டு தோண்டப் போனா முதல்ல என்னைத்தான் தோண்டுவாங்கள். உனக்கு விளங்குதோ?"

விளங்கியது. பயத்தைக் குற்றம் சொல்ல முடியாத காலம். ஆனால் அவர் யோகம் அக்காவின் கண்ணீரில்லாத முகத்தைப் பார்க்கவில்லை, நான் பார்த்திருந்தேன். அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணனுக்கு முன்னால் குரலை உயர்த்தினேன். மற்றச் சீற்றையும் கழற்றி யோகம் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பிக்கப்பை மீன் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துதான் ஓட்டினேன். அண்ணன் பல மாதங்கள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

யோகம் அக்காவும் நானும் இரும்புக் கடைக்குப் போனோம். முதலாளி எங்கள் ஆள்தான். நெற்றி நிறையத் திருநீறு, கோயிலில் அன்னதானம் கொடுக்கிறவர். சாரதி சீற்றைப் பிக்கப்பில் கண்டதும் அவருடைய பார்வை மாறியது.

"இதை உங்களுக்கு ஆர் வித்தது?" என்று யோகம் அக்கா கேட்டார்.

"அக்கா, எனக்கு எல்லாம் கிலோக் கணக்கில வாறது. எங்கயிருந்தெண்டு கேட்டா, நாளைக்கு நானும் கிலோக் கணக்கிலதான் போவன்."

"மற்றச் சாமான்கள்? கதவு, கண்ணாடி?"

"வந்ததெல்லாம் போயிட்டுது." பிறகு மெதுவாக, "நீங்கள் ஒண்டு செய்யுங்கோ. இதைவிட நல்ல சீற் ரெண்டு தாறன். இதை எனக்குத் திருப்பித் தந்திட்டுப் போங்கோ" என்றார்.

இத்தனை வருடம் கழித்தும் அந்த வசனம் என் காதில் கேட்கிறது. இதைவிட நல்ல சீற். அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. யோகம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆர் கொண்டுவந்ததெண்டு மட்டும் சொல்லுங்கோ. உங்கட பேர் என்ர வாயில வராது" என்றார். முதலாளி நாடியை மட்டும் சற்று உயர்த்தி, வீதியின் மேற்குப் பக்கம் காட்டினார். அந்தப் பக்கம் இருந்தது பெரிய இராணுவ முகாம் ஒன்றுதான்.

முகாம் வாசலில் எங்களை இறங்கவே விடவில்லை. இரண்டு முறை போனோம். இரண்டாம் முறை என்னுடைய ஐசி இலக்கத்தை எழுதி எடுத்தார்கள். அதற்குப் பிறகு அக்கா, "நீங்கள் இனி வரவேண்டாம் தம்பி" என்றார்.

அடுத்த வருடம் கொழும்பிலிருந்து காணாமல் போனவர்களுக்கான விசாரணைக் குழு ஒன்று வந்து, மாவட்டச் செயலகமான கச்சேரியின் மண்டபத்தில் இருந்தது. அக்கா வரவேண்டாம் என்றாலும் நான் போனேன். இரண்டு சீற்றுகளையும் தனியாக அவரால் தூக்க முடியாது. வழியில் சென்றிச் சிப்பாய், உள்ளே ஏதும் இருக்கிறதா என்று பார்க்கக் கூர்க்கம்பியை ஓங்கினான். வழமைதான், மூட்டை மெத்தை எல்லாவற்றிலும் குத்துவார்கள். அவன் சாரதி சீற்றில் குத்தப்போக, யோகம் அக்கா அந்தக் கம்பியைக் கையால் பிடித்துவிட்டார். அவன் இழுத்தான். அவர் விடவில்லை. உள்ளங்கையிலிருந்து ரத்தம் சீற்றில் சொட்டியது. அவனும் ஒரு சின்னப் பெடியன்தான், பயந்துவிட்டான். போகச் சொன்னான்.

மண்டபத்தில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவர். நடுவில் இருந்தவர் சீற்றைப் பார்த்துவிட்டு, இதில் வானின் இலக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"சீற்றில இலக்கம் இல்லை ஐயா. என்ர தையல் இருக்கு."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் மூன்று பேரில் ஒருவர் புன்னகைத்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. களைத்த மனிதர். ஆனால் அந்தப் புன்னகையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சான்றுப் பொருளாக ஒன்றை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். யோகம் அக்கா யோசித்துப் பக்கத்துச் சீற்றைக் கொடுத்தார். சாரதி சீற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். பல மாதங்களுக்குப் பிறகு போய்க் கேட்டபோது, அப்படி ஒரு பொருள் தங்களிடம் வந்ததாகப் பதிவே இல்லை என்றார்கள். தேவராசாவைப் பற்றிச் சொன்ன அதே மறுமொழி, அவருடைய சீற்றைப் பற்றியும்.

இன்றைக்கு அந்த இரும்புக் கடை இருந்த இடத்தில் மாபிள் கல் விற்கிறார்கள். முதலாளி செத்துவிட்டார், அண்ணனும் செத்துவிட்டார். சென்றிகள் இல்லை. கூர்க்கம்பி என்றால் என்னவென்று கேட்கும் பிள்ளைகள் பெரிய வகுப்பில் படிக்கிறார்கள். பழையதை ஏன் கிண்டுகிறீர்கள் என்று என் சொந்தத் தங்கையே தொலைபேசியில் கேட்கிறாள். கிண்டாமல் விட்டதால்தான் அவளுடைய மகனுக்கு அது பகிடிக் கதையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சாரதி சீற் எப்படிப் போனதென்பதையும் சொல்ல வேண்டும். அது யோகம் அக்காவின் வீட்டில், தையல் மெசினுக்கு எதிரே பல வருடங்கள் இருந்தது. ஒருவரும் அதைக் கதிரையாக நினைத்து உட்காருவதில்லை. சின்னவள் அதில் முதுகு சாய்த்து நிலத்தில் இருந்து படிப்பாள். பிறகு ஒரு காலையில் கடல் ஊருக்குள் வந்தது. தாயும் மகளும் ஓடித் தப்பினார்கள். வீட்டின் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. மெசின் தாழம் பற்றைக்குள் கிடந்தது. சீற்றை மூன்று நாள் தேடினோம். கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்தவர்களிடம், இழந்த சாமான்களை நட்டஈட்டுக்காகக் கேட்டு எழுத ஒரு பெடியன் வந்திருந்தான். யோகம் அக்காவின் முறை வந்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"வீட்டில என்னென்ன போனது, அக்கா?"

"அலுமாரி. கட்டில். வான் சீற் ஒண்டு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "வானும் போயிட்டுதோ? வான் எங்க நிண்டது?"

"அதைத்தான் தம்பி நானும் இவ்வளவு காலமாக் கேக்கிறன்."

பெடியனுக்கு விளங்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் சொல்லத் தொடங்கினேன். பின்னால் வரிசை நீண்டு கிடந்தது, குழந்தையோடு நின்ற யாரோ முணுமுணுத்தார்கள். அவன் பாதியில் கையை உயர்த்தி என்னை நிறுத்தினான்.

"வான் இல்லாம வான் சீற் எண்டு போட ஏலாது, அண்ணை" என்றான். சற்று யோசித்தான். பிறகு, "கதிரை – ஒன்று" என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.