படத்துக்குச் சரியான பிரேக்

மச்சான் அந்த டிஸ்க் பிரேக்குகளைக் கழற்றிய சாயங்காலம் இன்றும் என் மனதை விட்டுப் போகவில்லை. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். செங்கல்பட்டில் கார் பட்டறை வைத்திருப்பவர். ஐம்பது வருடப் பழைய கார் ஒன்றைத் தேடிப் பிடித்து, சரிசெய்து, ஒரு பந்தயப் படத்துக்குக் கொடுத்திருந்தார். வேகமான காட்சிகளில் கதாநாயகனுக்குப் பதிலாக ஓட்டப்போவதும் அவரே. அதனால்தான் முன்சக்கரங்களில், சூடேறினாலும் பிடி விடாத டிஸ்க் பிரேக்கைப் புதிதாகப் போட்டிருந்தார்.

எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாவலூர் அலுவலகங்களில் வேலை பார்க்கும் ஏழெட்டுப் பேர், ஞாயிறு காலையில் மாமல்லபுரம் சாலையோர டீக்கடையில் கூடி, படங்களில் வரும் கார்களைக் கிழிகிழியென்று கிழிப்போம். நாலு கியர் வண்டியில் நாயகன் ஆறு தடவை கியர் ஏற்றினால் போச்சு, ஒரு வாரத்துக்கு அதே பேச்சுதான். அதில் மகா பிடிவாதக்காரன் நான். மச்சானின் காரில், சக்கர இடுக்கில் டிஸ்க் பளபளப்பதைப் பார்த்ததும் பகீரென்றது. என் சொந்தக்காரர் காரையே இவர்கள் கிழித்தால் என் மானம் என்ன ஆவது?

"இன்னா மாப்ள, உயிர கைல புடிச்சிகினு ஓட்றவனுக்கு டிஸ்க் வேணாமா?" என்று, அதைக் கழற்றச் சொன்ன என்னைப் பார்த்து மச்சான் சிரித்தார்.

"அந்தக் கார்ல அப்போ டிரம் பிரேக்தான் மச்சான். தெரிஞ்சவங்க பார்த்தா காறித் துப்புவாங்க" என்றேன். என்ன திமிர் எனக்கு! தங்கை வீட்டுக்காரன் கேட்டால் அவருக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. ஸ்பேனரை எடுத்தார். நான் அதைக் கூட்டத்தில் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன்.

கடலோரச் சாலையில், சவுக்குத் தோப்பை ஒட்டிய வளைவில் படப்பிடிப்பு. அதே வளைவில் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார்கள். டிரம் சூடேறினால் பிரேக் பிடிக்காது என்பது எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். மூன்றாவது முறை முடிந்தபோதே கருகல் வாடை அடித்தது. 'போதும் மச்சான், இறங்குங்க' என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்டால் என் தலை உருளுமே என்று விழுங்கிவிட்டேன். நாலாவது முறை கார் வளைவில் திரும்பவில்லை, நேராகச் சவுக்கு மரத்தில் போய் மோதியது.

"ஏண்ணா, டிஸ்க் போட்டிருக்கேன்னு சொன்னியே?" என்று ஆஸ்பத்திரியில் என் மனைவி அழுதாள்.

"நாந்தாம்மா மாத்துனேன். படத்துக்கு அதான் கரெக்டா கீது" என்றார், கட்டுப் போட்ட தோளோடு. நான் பக்கத்தில் நின்று, மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவருடைய இடது கை இன்றுவரை காதுக்கு மேல் எழுவதில்லை.

போன மாதம் அந்தப் படம் டிவிக்கு வந்தது. கூட்டம் முழுக்க எங்கள் வீட்டில். மச்சானும் வந்திருந்தார். எவன் எப்போது வாயைத் திறப்பானோ என்று ஒவ்வொருவன் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வளைவு வந்ததும் ஒருவன் ரிமோட்டைப் பிடுங்கி, படத்தை நிறுத்தினான்.

"டிரம்மேதான்டா! அன்னிக்கு நீ சண்ட போட்டு டிஸ்க்க கழட்ட வெச்சது வீண் போவல மச்சி!"

கைதட்டினார்கள். மச்சான் தரையைப் பார்த்தார். மற்ற எல்லாருக்கும் கண் சக்கரத்தின் மேல். எனக்குக் காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகம் தெரிந்தது. பல்லைக் கடித்து, கண் விரிந்து, மச்சான் காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்த நொடி அது. அதில் நடிப்பு கொஞ்சமும் இல்லை. காபித் தட்டோடு நின்ற என் மனைவியும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.