தூங்கவிடாத கஸ்தூரி

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கஸ்தூரியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவள் இல்லை. படப்பையில் அவள் குடியிருந்த வீட்டுக்கார அம்மா. "நர்சம்மா எழுந்துக்கவே இல்லமா. தட்டித் தட்டிப் பாத்துட்டு கதவ ஒடச்சிதான் உள்ள போனோம். போன்ல கடைசியா உன் நம்பர்தான் கீது" என்றார். சொல்லி அனுப்ப அவளுக்கு வேறு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒரகடம் பக்கத்தில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்த நர்சுகள் நாங்கள். நான் விருதுநகர்ப் பக்கம், அவள் வாலாஜாபாத். அவளுடைய வாய் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். குழந்தை பிறந்ததும் அதை என் கையில் திணித்துவிட்டு, தாயின் அடிவயிற்றில் கை வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்து தொணதொணப்பாள். எந்த ஊரு, கம்பெனில எந்த லைன்ல வேலை, சூப்பர்வைசர் நல்லவனா, மீன் குழம்புக்கு மாங்கா போடுவியா? ஓய்ந்துபோன பெண் கண்ணை மூடினால் கன்னத்தில் தட்டுவாள். "பாவம், கொஞ்சம் தூங்கவிடேன்" என்று நானே சண்டை போட்டிருக்கிறேன். "புள்ளையப் பாக்க எல்லாரும் வருவாங்க. இவளப் பாக்க யாரு கீறாங்க?" என்பாள்.

பென்னலூரில் வாடகை அறையில் இருந்த முதுகுளத்தூர்ப் பெண்ணைச் சிலருக்கு நினைவிருக்கும். கணவன் ஷிப்ட் முடித்து கம்பெனிச் சட்டையோடு ஓடிவந்தான். குழந்தையை அவனுக்குக் காட்டியபடி நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளிருந்து கஸ்தூரி கத்தினாள். "மீனா, அங்க இன்னா கொஞ்சிகினு நிக்கிற? வயிறு இளகிகினே போவுது, ஊசி எடு!" கர்ப்பப்பை இறுகவில்லை, ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, ஆம்புலன்சில் கிளம்பினோம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து செங்கல்பட்டு போய்ச் சேரும்வரை கஸ்தூரி அந்த வயிற்றைப் பிசைவதையும் நிறுத்தவில்லை, பேசுவதையும் நிறுத்தவில்லை. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். மறுநாள் கஸ்தூரியால் விரலை மடக்கிச் சோறு பிசைய முடியவில்லை. நான்தான் ஸ்பூன் தேடிக் கொடுத்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். இங்கே வருவதற்கு முன்பு, வேறோர் இடத்தில் ஒரு பிரசவம். இவள் திரும்பி நின்று குழந்தையை எடை போட்டுக்கொண்டிருந்தாள். "தூக்கமா வருது சிஸ்டர்னு சொல்லிச்சு அந்தப் பொண்ணு. தூங்கும்மான்னுட்டேன். ரத்தம் போனா அப்பிடித்தான் வரும்னு படிச்சவதான் நானு. கத்தியிருந்தா திரும்பியிருப்பேன் மீனா. அது கத்தவே இல்ல." வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை என்றாள். நானும் இதுவரை சொன்னதில்லை.

இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போய் எனக்குப் போன் செய்தாள். நான் பிரசவ அறையில் ஒரு தாயின் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். ஆயாம்மா போனை என் காதோடு பிடித்துக்கொண்டார். "காலைலேர்ந்து ஒரு மாதிரியா கீது மீனா. வேர்த்து ஊத்துது. தூக்கம் தூக்கமா வருது" என்றாள்.

"அலைச்சல் கூடிப்போச்சுல்ல, தூங்கு. சாயங்காலம் பேசுவோம்" என்றேன்.

மாரடைப்பு என்றார் டாக்டர். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது வயிறு கல்லாக இறுகும்வரை எடுக்காத அந்தக் கைதான். இன்று காலையும் ஒரு பெண்ணைத் தூங்கவிடாமல் மாங்காயைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கூடவே 'தூங்கு' என்ற அந்த ஒரு வார்த்தையும் என்னிடம் வந்துவிட்டது. தன்னுடையதைச் சொல்ல அவளுக்கு நான் இருந்தேன். என்னுடையதைச் சொல்ல அவள் இல்லை.