பௌர்ணமிக்கு முந்தைய நாட்கள்

ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முன்னால் நான் வயசுக்கு வந்தேன். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. "இனிமே மாசா மாசம் வரும். உடம்புல சேர்ற கெட்ட ரத்தம், வெளிய போயிடணும்" என்று அம்மா சொன்னாள். அந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த பாடம் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் கவலைப்பட்டேன். கம்மியாக வந்தால் மீதி ரத்தம் உள்ளேயே தங்கிவிட்டதோ என்று பயம். ஜாஸ்தியாக வந்தால் நல்ல ரத்தமும் சேர்ந்து போகிறதோ என்று பயம். முன்னால் வந்தால் ஏன் முன்னால், தள்ளி வந்தால் ஏன் தள்ளி. கவலைப்பட எனக்கு யாரும் காரணம் தேடித் தர வேண்டியதில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிற ஆள் நான்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டேன். அவருக்குத் தேரடி வீதியில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. வீட்டில் அவர், நான், அவருடைய அம்மா. அத்தைக்கு அவர் ஒரே பிள்ளை. ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்பக்கம் தகரம் போட்ட தாழ்வாரம். மாசத்தில் மூன்று நாள் அந்தத் தாழ்வாரம் எனக்கு. தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். அத்தை தள்ளி நின்றுதான் சோறு போடுவார். ஆனால் அந்த மூன்று நாளும் குழம்பு தாராளமாக ஊற்றுவார்.

எனக்கு அமாவாசையை ஒட்டியே வரும். ஒரு நாள் முன்னே, ஒரு நாள் பின்னே. எங்கள் ஊரில் நிலாவை யாரும் மறக்க முடியாது. இப்போது மாதிரி பௌர்ணமிக்கு ஊர் கொள்ளாத கூட்டம் அப்போது கிடையாது. இருந்தாலும் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து மலை சுற்றிவிட்டுப் போவார்கள். அதனால் காலண்டர் பார்க்காமலே அமாவாசை எப்போது, பௌர்ணமி எப்போது என்று தெரியும். மாசாமாசம் ரத்தத்தை இழுப்பதும் நிலாதான் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனது. குழாயடியில் "இன்னும் விசேஷம் எதுவும் இல்லியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அத்தை என்னை ஒன்றும் கேட்கவில்லை. நேராக அண்ணாமலையாரிடம் போய் வேண்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ரெண்டு பேரும் பௌர்ணமிக்கு விரதம் இருந்து மலை சுத்துங்க. சாமி குடுக்காம எங்க போவாரு?"

விரதம் என்றால் ஒரு வேளைச் சாப்பாடு. அவர் ஹாலில் படுத்துக்கொள்வார். நான் சமையலறையில், அத்தைக்குப் பக்கத்தில். முதலில் பௌர்ணமி அன்று ஒரு நாள் மட்டும்தான். சில மாசம் போனது. அமாவாசை வந்ததும் நான் வழக்கம்போலத் தாழ்வாரத்துக்குப் போனேன். அத்தை யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒரு நாள் பத்தல போலக்குது. ஏகாதசியிலேர்ந்து இருங்க" என்றார். அப்போதும் ஒன்றும் இல்லை. பிறகு அஷ்டமியிலிருந்து பௌர்ணமிக்கு மறுநாள் வரை என்று ஆகிவிட்டது. ஏமாற்றம் கூடக்கூட விரதம் நீண்டது. நான் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. அந்த நாட்களில் அவர் கைக்குக் காபி டம்ளர் கொடுக்கும்போது விரல் பட்டால் விரதம் கெட்டுவிடுமோ என்று டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வேன்.

"நான் இன்னா பாம்பா?" என்று கேட்டார் ஒரு தடவை.

அப்படியே இரண்டு வருஷம் மலை சுற்றினோம். வரவர எனக்குள் ஒரே ஒரு பயம்தான் மிஞ்சியது. என் ரத்தம் அடியோடு கெட்டுப்போயிருக்கிறது, அதில் பிள்ளை தங்காது என்று. யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு நாலு பிள்ளைகள். ஒருநாள் மத்தியானம் வந்து, "முனிசிபாலிட்டி பிரசவ ஆஸ்பத்திரில புதுசா ஒரு நர்சம்மா வந்திருக்காங்க. கு.க. பத்திப் பேசுறாங்களாம். துணைக்கு வா" என்று கூப்பிட்டாள். கு.க. என்றால் குடும்பக் கட்டுப்பாடு.

"எனக்கு எதுக்குக்கா அது? இருக்கிறவங்க இல்ல தடுத்துக்கணும்?"

"நீ கேக்க வேணாம், சும்மா வந்து ஒக்காரு. டீ குடுக்கிறாங்களாம்."

போனேன். பத்துப் பதினைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தோம். நர்சம்மாவுக்கு என் வயசைவிட நாலைந்து கூட இருக்கலாம். சாக்பீஸை எடுத்து சிமென்ட் தரையிலேயே படம் போட்டார்.

"கவுத்து வச்ச சொம்பு மாதிரி இருக்கு பாருங்க, இதான் கர்ப்பப்பை. ரெண்டு பக்கமும் ரெண்டு குழாய். குழாய் முனையில பாதாம் கொட்டை அளவுக்கு முட்டைப்பை. தூரம் முடிஞ்சதும் கர்ப்பப்பைக்குள்ள புதுசா ஒரு மெத்தை போட ஆரம்பிக்கும். அதே சமயம் முட்டைப்பையில ஒரு முட்டை வளரும். அடுத்த தடவை வர்றதுக்கு ஏறக்குறைய ரெண்டு வாரம் முன்னாடி அந்த முட்டை வெளிய வந்து குழாய்க்குள்ள எறங்கும். அது ஒரு நாள்தான் உசுரோட இருக்கும். ஆம்பளை வித்து நாலஞ்சு நாள்கூட உள்ள காத்துக்கிட்டு இருக்கும். ரெண்டும் சேர்ந்தா வந்து மெத்தையில ஒட்டிக்கும். சேரலைன்னா, மெத்தை வேணாம்னு உடம்பே கழட்டி வெளிய தள்ளிடும். அதான் நமக்கு மாசா மாசம் வர்றது."

"அப்ப அது கெட்ட ரத்தம் இல்லியா?" என்று ஒரு அம்மாள் கேட்டார். என் மனசிலிருந்ததைப் பிடுங்கிக் கேட்டதுபோல இருந்தது.

"யாரு சொன்னது? குழந்தைக்குப் போட்ட மெத்தைம்மா அது. அதுல கெட்டது எங்க வந்துச்சு?"

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். பதிமூன்று வயசிலிருந்து சுமந்துகொண்டு திரிந்ததை யாரோ வாங்கிக் கீழே வைத்ததுபோல இருந்தது. ஆனால் அந்த நிம்மதி ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை.

"அதனால," என்றார் நர்சம்மா, "குழந்தை வேணாம்னு நெனைக்கிறவங்க நடுவுல இருக்கிற அந்த ஒரு வாரம் ஜாக்கிரதையா இருக்கணும். தள்ளிப் படுத்துக்கணும். அதை மட்டுமே நம்பக் கூடாது, வேற வழியும் இருக்கு, அப்புறம் சொல்றேன்."

"அந்த ஒரு வாரம் இந்த ஆம்பளைங்கள எங்க நர்சம்மா அனுப்புறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"மலை சுத்த அனுப்பு!" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நர்சம்மாவும் சிரித்தார். நான் மட்டும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். அமாவாசைக்கு எனக்கு வருகிறது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் என்றால் பௌர்ணமி. அதற்கு முந்தைய ஒரு வாரம் என்றால் அஷ்டமியிலிருந்து.

கூட்டம் கலைந்ததும் அக்காவைப் போகச் சொல்லிவிட்டு, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த நர்சம்மாவிடம் போனேன்.

"குழந்தை வேணும்னு நெனைக்கிறவங்க அந்த ஒரு வாரத்தை வுடக் கூடாதுங்களா?"

"ஆமாம்மா. உனக்கு எப்ப வரும்?"

"அமாவாசைக்கு. நிலாதானே இழுக்குது?"

"நிலாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஒருத்தருக்குச் சீக்கிரம் வரும், ஒருத்தருக்கு லேட்டா வரும். உனக்கு அமாவாசையோட ஒத்துப்போகுது, அவ்ளோதான். பௌர்ணமிக்கு முன்னாடி வர்ற நாலஞ்சு நாள்தான் உனக்கு முக்கியம்."

"அந்த நாள்ல நாங்க விரதங்க. தனித்தனியா படுத்துக்குவோம்."

"எத்தனை மாசமா?"

"ரெண்டு வருஷமா. குழந்தை வேணும்னு."

நர்சம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியை வைத்துவிட்டு, "உங்களுக்குக் குறை ஏதும் இருக்கான்னு பாக்கறதுக்கு முன்னாடி, முதல்ல அந்த விரதத்தை வேற நாளுக்கு மாத்துங்க" என்றார்.

வேறு நாளுக்கு எப்படி மாற்றுவது? சாமியிடம் வேண்டிக்கொண்டது பௌர்ணமிக்கு. மாற்றினால் கோபித்துக்கொள்வாரோ? மாற்றாவிட்டால் இன்னும் எத்தனை வருஷம்? வீடு வந்து சேருவதற்குள் நூறு கேள்வி. அவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். காது சிவந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, அம்மாகிட்ட நீயே சொல்லிடு."

"நான் எப்படிங்க சொல்றது?"

"நான் மட்டும் எப்படிச் சொல்றது? நீ பொம்பளை, அவங்களும் பொம்பளை."

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் அத்தையும் நானும் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் ஆரம்பித்தேன். முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது என்று கடலையைப் பார்த்துக்கொண்டே மெத்தை, முட்டை, இரண்டு வாரம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அத்தையின் கை நின்றுவிட்டது.

"அந்தப் புது நர்சா? ரோட்டுல போறப்பப் பாத்தேன். கல்யாணம் ஆவாத பொண்ணு மாதிரி இருக்கா, அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"படிச்சிருக்காங்க அத்தை."

"அப்ப ரெண்டு வருஷமா நானே உங்களப் பிரிச்சுப் போட்டுட்டு, சாமி கண்ணைத் தொறக்கலியேன்னு அவரைத் திட்டினு இருந்தேனா?"

எனக்கு அழுகைதான் வரும்போல இருந்தது. அத்தை முறத்தை இழுத்துத் தோலைப் புடைத்துவிட்டுச் சொன்னார்.

"வேண்டிக்கினது யாரு? நானு. அப்ப நான் சுத்துறேன். நீங்க வூட்ல இருங்க."

"உங்களுக்கு முட்டி வலி இருக்கே அத்தை!"

"மெதுவாப் போறேன். ரமணாசிரமத்தண்ட என் தங்கச்சி வூடு இருக்குது. முன்னாடியே போயி அங்க நாலு நாள் தங்கி, பௌர்ணமிக்குச் சுத்திட்டு வரேன். கொழம்பு வச்சா அவனுக்குக் காரம் கம்மியாப் போடு." எழுந்து உள்ளே போகிற வழியில், "ராவெல்லாம் அடுப்பை அணைச்சனான்னு எழுந்து எழுந்து பாத்துக்கினு கெடக்காதே. அதுக்கு இல்ல நான் போறது" என்றார்.

வெட்கத்தில் நான் முறத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

முதல் மாசம் பலிக்கவில்லை. அமாவாசைக்குச் சரியாக வந்தது. சாமிக்குக் கோபம்தான் என்று முடிவுகட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போய் நர்சம்மாவிடம் அழுதேன். "ஒவ்வொரு மாசமும் ஒட்டிக்கணும்னு சட்டமா இருக்கு? எல்லாம் சரியா இருக்கிறவங்களுக்கே பல மாசம் ஆகும்" என்றார். அத்தை மட்டும் அசரவில்லை. மாசம் தவறாமல் பையில் ஒரு மாற்றுப் புடவையையும் தைலப் புட்டியையும் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார். மலை சுற்றுகிற வழியில் அவருக்கு நாலைந்து சிநேகிதிகள்கூடக் கிடைத்துவிட்டார்கள்.

ஐந்தாவது அமாவாசை கடந்தது. ஒன்றும் வரவில்லை. எனக்கு சந்தோஷப்படத் தெரியவில்லை. கவலையில் நாள் தள்ளிப்போகும் என்றும் நர்சம்மா சொல்லியிருந்தார். நானோ எப்போதும் கவலைப்படுகிறவள். இது அதனாலாக இருக்குமோ என்று கவலைப்பட்டேன். அடுத்த அமாவாசையும் தாண்டியது. சோறு வடிக்கிற வாசனைக்கு வயிறு புரட்டியது. அத்தை என் முகத்தைப் பார்த்தார். புடவை மாற்றிக்கொண்டு, "கெளம்பு" என்றார்.

நர்சம்மா என்னை உள்ளே கூட்டிப் போய்ப் பார்த்தார். பிறகு பெரிய டாக்டரம்மாவும் பார்த்தார். வெளியே வந்து நர்சம்மாதான் அத்தையிடம் சொன்னார், "பாட்டியாகப் போறீங்க" என்று. அத்தை மலை இருக்கிற பக்கம் திரும்பிக் கும்பிட்டார். கிளம்பிவிடுவார் என்று பார்த்தால், பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். எனக்கு இவ புருசன் ஒருத்தனோட நின்னுபோச்சு. அப்புறம் எட்டு, பத்து வருஷம் எல்லாக் கோயிலுக்கும் விரதம் இருந்தேன். பாவம் பண்ணவள்னு என் மாமியார் சொல்லுச்சு. அதுவும் இப்படித்தானா?"

நர்சம்மா அத்தைக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "தெரியலைங்கம்மா. எத்தனையோ காரணம் இருக்கலாம். இப்ப சொல்ல முடியாது. ஆனா பாவம் இல்ல. அது மட்டும் எனக்குத் தெரியும்."

அத்தை தலையை ஆட்டிக்கொண்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

திரும்பி வரும்போது ரோட்டில் நல்ல வெயில். செங்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அத்தை என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து விட்டுவிட்டு, வண்டி வருகிற பக்கத்தில் அவர் நடந்தார். வீடு வரைக்கும் அப்படியே நடந்தார்.