கண் திறந்து வரைந்த முகம்

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் ஞானதுரையைக் கையில் பிடிக்க முடியாது. ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்களை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இருபதே நிமிடத்தில் பென்சிலால் முகத்தை இறக்கிவிடுவார். அச்சு அசல் என்று மெச்சுவார்கள். அவ்வளவு அசல் இல்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும். பருவை எடுத்துவிடுவார், சப்பை மூக்கைக் கொஞ்சம் நிமிர்த்துவார். ஒருமுறை உள்ளதை உள்ளபடி வரைந்ததற்கு ஒரு மதுரைக்காரம்மா படத்தை வாங்காமலே போய்விட்டாள். அதிலிருந்து வந்த பழக்கம்.

போன ஐப்பசியில் குத்துக்கல்வலசையில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். குளத்தில் ஓர் ஆண் பிணம் மிதந்திருக்கிறது, ஆள் யாரென்று தெரியவில்லை. முகம் ஊதிப்போனதால் போட்டோவை நோட்டீசில் போட முடியாது.

"உயிரோட இருந்தா எப்படி இருப்பானோ அப்படி வரைஞ்சு தாங்க அண்ணாச்சி. கண்ணையும் திறந்து வச்சிருங்க."

பிணவறையில் மூக்கைப் பொத்திக்கொண்டு குறிப்பு எடுத்தார். வீட்டில் உட்கார்ந்து வீக்கத்தை வடித்தார், கண்ணைத் திறந்தார். மேலுதட்டிலிருந்து மூக்குவரை ஒரு கோடு இருந்தது. பாறையில் பட்ட காயம் என்று அவராகவே முடிவு கட்டினார். சாவில் பட்ட காயத்தை உயிருள்ள முகத்தில் எப்படிப் போடுவது? உதட்டை ஒட்டி, அழகாக முடித்துக் கொடுத்தார். தென்காசி பஸ் ஸ்டாண்டில் அந்த முகம் ஒரு மாதம் ஒட்டியிருந்தது. யாரும் தேடி வரவில்லை. போலீசே அடக்கம் செய்துவிட்டது.

தை மாதம் ரத்தினம் வந்தாள். புளியங்குடி எலுமிச்சை மண்டியில் மூட்டை தூக்கும் குற்றாலீஸ்வரனின் மனைவி. கையில் ஒரு கல்யாண வீட்டு குரூப் போட்டோ.

"தென்காசிக்கு லோடு ஏத்திட்டு வந்தவுக அண்ணாச்சி, மூணு மாசமாத் திரும்பல. குடிச்சிட்டு எங்கனயாச்சும் கெடப்பாவ, வந்துருவாவன்னு போலீசுக்கும் போகல. பெருசா வரைஞ்சு தாங்க, ஊர் ஊரா ஒட்டணும். உதட்டுத் தழும்ப மட்டும் விட்டுராதீங்க. பிறவியிலயே பிளந்த உதடு, தச்சது. அத வச்சுத்தான் ஆளு பிடிபடும்."

ஞானதுரை போட்டோவைப் பார்த்தார். அந்தக் காதும் தாடையும் அவர் கை ஏற்கெனவே வரைந்தவை. பேசாமல் வரைந்து கொடுத்து அனுப்பிவிடு என்று மனசு சொன்னது. அவள் தெருத் தெருவாக ஒட்டிக்கொண்டு அலைவாள் என்று தெரிந்தேதான் சொன்னது. சீ, நானும் ஒரு மனுசனா என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது.

எழுந்துபோய் பழைய நோட்டீசை எடுத்து வந்தார். அவள் கண்ணெதிரே பென்சிலால் உதட்டில் அந்தக் கோட்டைப் போட்டார்.

"குளத்துல கெடந்தது இவருதாம்மா, போலீசே அடக்கம் பண்ணிட்டாங்க. தப்பு என் மேலதாம்மா. காயம்னு நெனச்சு அழிச்சுட்டேன்."

ரத்தினம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத நான் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன் அண்ணாச்சி. உதடு நல்லா இருக்கே, நம்ம ஆளு இல்லன்னு, பிள்ளையாருக்கு விடலைத் தேங்கா போட்டுட்டு வீட்டுக்குப் போனேன்."

ஞானதுரை பென்சிலைக் கீழே வைத்தார்.

"எங்கன புதைச்சிருக்காவ?" என்று கேட்டாள்.

அவருக்குத் தெரியவில்லை. அவர் விசாரிக்கவே இல்லை.