மோடத்துக்கு ஒரு கம்பளிச் சட்டை

சந்தேகம் எனக்குத் தொழிலோடு வந்தது. கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியின் சாமான் அறை என் பொறுப்பில் இருந்தது. மன்னவனூரிலிருந்து வரும் கேரட் மூட்டையின் வாயில் பெரிய கேரட்டாகத்தான் இருக்கும். கொட்டிப் பார்த்தால் அடியில் சுண்டுவிரல் அளவு. அதனால் கொட்டிப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை. இந்தப் பழக்கம் மாலையில் என்னோடு நாயுடுபுரத்து வீட்டுக்கும் வந்துவிடும். என் மனைவியிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்லுவாள்.

எங்கள் ஒரே மகள் பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். அந்த வருஷம் கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவதாகப் பேப்பரில் தினம் ஒரு செய்தி. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகள் கம்ப்யூட்டர் திரையில் வருவாள். சாப்பாடு, சளி, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் ஓடும். "வேலை எப்படிம்மா போகுது?" என்று நான் கேட்டதும் படம் நின்றுவிடும். பாதி திறந்த வாயோடு அசையாமல் இருப்பாள். பிறகு லைன் அறுந்து, திரும்ப வரும்போது வேறு பேச்சில் இருப்பாள். அவளுக்கு வேலை இருக்கிறதா, இல்லையா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

"நான் ரசப்பொடி பக்குவம் சொல்லும்போதுந்தான் நின்னுச்சு. அதுக்கும் உங்க மக நடிச்சாளாக்கும்?" என்றாள் மனைவி.

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அதனால் சந்தேகத்தை லைன் பக்கம் திருப்பினேன். பக்கத்தில் புதிதாக வந்த தங்கும் விடுதியில் இன்டர்நெட் உண்டு என்று போர்டு வைத்திருந்தார்கள். எங்கள் கம்பியில் கொக்கி போட்டிருப்பார்களோ என்று குடையைப் பிடித்துக்கொண்டு கம்பத்திலிருந்து வீடு வரை கம்பியைப் பார்த்தபடி நடந்தேன். கொடிதான் சுற்றியிருந்தது.

கம்பத்தடியில் நின்ற டெலிபோன் லைன்மேன் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "இந்த பிளான்ல வீடியோல்லாம் இழுக்காதுங்க சார். அடுத்த பிளானுக்கு மாறிருங்க, வெரசா வரும்." மாசக் கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஆளேதான் எங்கேயோ திருகிவிட்டு மெதுவாக வரவைக்கிறாரோ என்றுகூடத் தோன்றியது.

ஒரு வாரம் யோசித்தேன். லைன் வேகமாகிவிட்டால் மகளுக்குச் சாக்கு இருக்காது. கூடுதல் பணத்தைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, லைன்மேனிடம் ஃபாரம் கொண்டுவரச் சொன்னேன். மனைவி வெடுக்கென்று கேட்டாள். "பெத்த பிள்ளைய வேவு பாக்கவா துட்டு குடுக்கறீங்க?" எனக்குக் கோபம் வந்தது.

லைன்மேன் ஃபாரத்தோடு வந்தார். மோடம் எங்கே என்று கேட்டு, அலமாரியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். என் மனைவி ஏரிக்கரைக் கடைகளுக்குக் கம்பளித் தொப்பியும் சால்வையும் பின்னிக் கொடுப்பவள். மிஞ்சும் நூலில் வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் சட்டை. போன், ரேடியோ, பிளாஸ்க் எதுவும் எங்கள் வீட்டில் வெறும் உடம்போடு இருந்ததில்லை. மோடத்துக்கும் அரக்குக் கலரில் ஒன்று, விளக்கு எரிவது தெரிய ஓட்டை விட்டுப் பின்னியிருந்தாள்.

லைன்மேன் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். "என்னக்கா, கொதிக்குது?"

"பனிக்கு நமுத்துப் போகாதா தம்பி?"

"அதோட சூடே அதுக்குத் தாங்கலக்கா. சூடேறுனா லைன் விட்டு விட்டுத்தான் வரும். சட்டையக் கழட்டி வைங்க." என் பக்கம் திரும்பினார். "ஒரு வாரம் பாருங்க சார். சரியா வந்தா இந்த பிளானே போதும். வரலைன்னா கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் தெளிவாக வந்தது. மகள் இளைத்திருந்தாள். அரை மணி நேரம் ஒரு தடங்கலும் இல்லை. அப்போது கேட்டேன். "வேலை எப்படிம்மா போகுது?"

படம் நின்றது. பாதி திறந்த வாய், அசையாத கண். மோடத்தைப் பார்த்தேன், விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. மறுபடி திரையைப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் கொடியில் ஒரு துண்டு தொங்கியது. ஃபேன் காற்றில் அது ஆடிக்கொண்டிருந்தது.

நான் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் சந்தோஷம் வரவில்லை. என்னிடம் சொல்ல முடியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என் பிள்ளை. என்னை நினைத்தே எனக்கு வேதனையாக இருந்தது.

மனைவி பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னேன். "லைன் நின்னுபோச்சு போல. கேக்குதோ என்னவோ. வேலை இருந்தாலும் போனாலும் வீட்ல சோறு கெடக்கு. பஸ் ஏறி வரச் சொல்லு."

துண்டு ஆடியது. அவள் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள். அதற்குப் பிறகு, அவள் மூச்சு விடட்டும் என்று நானே எழுந்து போய் மோடத்தின் சுவிட்சை அணைத்தேன்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து அழுதிருக்கிறாள். வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை கிளம்பி வருவதாகச் சொன்னாளாம்.

மறுநாள் லைன்மேன் வாசலில் நின்று கேட்டார். "இப்ப நிக்காம வருதுங்களா சார்?"

"எப்பவாச்சும் நிக்குதுங்க," என்றேன். "நின்னுட்டுப் போகட்டும். இதே போதும்." கையெழுத்துப் போடாத ஃபாரத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.